கைக்கும் சத்தத்துக்கும் நடுவில்

கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் என்று பார்த்தால் பத்து விநாடி. நாத்தனார் போடும் முடிச்சையும் சேர்த்தால் இருபது. அந்த இருபது விநாடிக்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, பேட்டரி, ஸ்டாண்ட், கேபிள் மூட்டையோடு முப்பது வருஷமாக மண்டபம் மண்டபமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கும்பகோணத்தைச் சுற்றி நான் வேலை பார்க்காத மண்டபம் குறைவு. உப்பிலியப்பன் கோவிலில் மட்டும் ஒரே முகூர்த்தத்தில் எத்தனை ஜோடிக்கு நடுவே என் ஜோடியைத் தேடிப் பிடித்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஊரில் என்னை வீடியோக்காரர் என்பார்கள். படம் பிடிப்பதுதான் என் வேலை என்று நினைப்பார்கள். எடுத்த படத்தைப் பத்திரமாக ஓரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாதிக்கு மேல் வேலை. கேமராவின் கண்ணாடியில் அழகாகத் தெரிகிற படம் கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போய், அங்கே பதிவாகி, மறுநாள் திறந்தால் ஓட வேண்டும். நான் பட்ட அடிகளில் பெரும்பாலானவை இந்த நாலு அடிக் கேபிளுக்குள்தான் நடந்திருக்கின்றன.

1994-ல் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கிற பையனாகச் சேர்ந்தேன். தோளில் வைக்கிற விஎச்எஸ் கேமரா. கேசட்டை எடுத்து டெக்கில் போட்டு, மஞ்சள் வெள்ளை சிவப்பு வயரை இன்னொரு டெக்கில் செருகி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பதிவு செய்வதுதான் மிக்ஸிங். ஒவ்வொரு தடவை காப்பி எடுக்கும்போதும் படம் கொஞ்சம் வெளுக்கும். நாலாவது காப்பி கேட்கிற சம்பந்திக்குப் பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு காவியாகத்தான் போய்ச் சேரும்.

அதனால் 2004-ல் மினி டிவி (DV) கேமரா ஒன்றும் கூடவே ஒரு லேப்டாப்பும் கடன்பட்டு வாங்கியபோது, எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் படத்தின் தெளிவில்லை, ஃபயர்வயர் கேபிள்தான். கேசட்டில் இருந்த ஒன்றும் பூஜ்யமும் அப்படியே லேப்டாப்புக்குள் போனது. வெளுப்பு இல்லை. கேமராக்காரர்கள் ஐ-லிங்க் என்பார்கள், கம்ப்யூட்டர்காரர்கள் 1394 என்பார்கள், எங்கள் தொழிலில் ‘கேப்சர் வயர்’ என்றால் எல்லோருக்கும் புரியும். லேப்டாப்பில் இருந்தது நாலு பின் உள்ள சின்னத் துளை. விரல்நகம் அளவுதான் இருக்கும். அதைச் செருகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு மணி நேரக் கேசட்டை உள்ளே ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். வேகமாக ஏற்ற வழியே கிடையாது. அந்த ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி இடம் வேண்டும். என் லேப்டாப்பில் இருந்த மொத்த இடம் 40 ஜிபி. விண்டோஸ் போக இரண்டு கேசட்டுக்கு மேல் தாங்காது. வெளியில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டினேன். முதல் ராத்திரியே கேப்சர் பத்தொன்பதாவது நிமிஷத்தில் நின்றுவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி பத்தொன்பதாவது நிமிஷம். கேசட்டில் கோளாறு என்று ஹெட்டைத் துடைத்தேன், கேபிளை மாற்றினேன். தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த நண்பர்தான் போனிலேயே சொன்னார்: “அண்ணே, டிஸ்க் ஃபேட்-32-ல ஃபார்மட் ஆகியிருக்கும். ஒரு ஃபைல் நாலு ஜிபிக்கு மேல போகாது. என்டிஎஃப்எஸ் ஆக்குங்க.” நாலு ஜிபியை 13-க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்தொன்பது நிமிஷத்தை ஒட்டித்தான் வரும். ஒரு கருவி தினமும் ஒரே இடத்தில் நின்றால் அங்கே ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் கோளாறு வந்தால் முதலில் நான் குறித்துக்கொள்வது நேரத்தைத்தான்.

கேசட் அறுபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தீர்ந்துபோகும். அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா மாதிரி மூன்று மணி நேர நிகழ்ச்சியில் கேசட் மாற்றுகிற நேரத்தில்தான் யாராவது வீட்டுப் பிள்ளை மேடைக்கு வரும். அதனால் கேமராவை லேப்டாப்போடு நேராக இணைத்து, நடக்க நடக்கப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். சுற்று வட்டாரத்தில் அதை முதலில் செய்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெருமையில்தான் 2006-ல் ஒரு கல்யாணத்தில் தப்பு செய்தேன்.

மேடைக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து நேராகப் பதிவு. கேமராவுக்குள் கேசட் போடவில்லை. லேப்டாப்பில்தான் போகிறதே, எதற்கு ஒரு கேசட்டை வீணாக்குவது என்று நினைத்தேன். முகூர்த்தம் முடிந்து, சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது பின்னால் ஓட்டிப் பார்க்கிறேன். கெட்டிமேளம் ஆரம்பிக்கிறது, மாப்பிள்ளை குனிகிறார், அப்படியே படம் உறைகிறது. அடுத்த காட்சியில் எல்லோரும் அட்சதை போட்டு முடித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து லேப்டாப்பில் வைரஸ் ஸ்கேன் தானாக ஆரம்பித்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கால் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ய முடியவில்லை. விட்டுப்போன ஃப்ரேம்களின் எண்ணிக்கையை மென்பொருள் மூலையில் சிவப்பு எண்ணில் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் வியூ ஃபைண்டரில் கண் வைத்திருந்தேன்.

பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “ஃபோட்டோல இருக்குல்ல தம்பி?” என்றார். இருக்கிறது என்றேன். தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். பணத்தில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டேன். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு, லேப்டாப்பில் எது பதிவானாலும் கேமராவுக்குள்ளும் ஒன்று பதிவாகாமல் நான் ஒரு நிகழ்ச்சியும் எடுத்ததில்லை. லேப்டாப்புக்குப் போவது இரண்டாவது பிரதி. கேமராவுக்குள் இருப்பதுதான் மூலம்.

இன்னொரு அடியும் அதே காலத்தில் பட்டதுதான். மாயவரம் பக்கம் ஒரு மண்டபம். லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்கில், கேமரா சார்ஜர் எதிர்ச் சுவர்ப் பிளக்கில். லேப்டாப்பின் ஓரத்து இரும்பில் கை பட்டாலே ஜிவ்வென்றது. எர்த் சரியில்லாத மண்டபங்களில் இது சகஜம் என்று விட்டுவிட்டு, இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபயர்வயரைச் செருகினேன். கேமராவின் ஃபயர்வயர் போர்ட் அதோடு போயிற்று. சத்தமில்லை, புகையில்லை, லேப்டாப் அதற்குப் பிறகு அந்தக் கேமராவை அடையாளம் காணவே இல்லை. அதிலிருந்து லேப்டாப், கேமரா, மிக்ஸரிலிருந்து வரும் சவுண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். முதலில் கேபிளை மாட்டுவேன், பிறகுதான் ஸ்விட்ச். ஒலிப்பதிவில் ‘ம்ம்ம்’ என்று வரும் உறுமலும் இதனாலேயே பாதி அடங்கிவிடும். அடங்காவிட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் உடனே நின்றால் கோளாறு மின்சாரத்தில்தான்.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் இந்தக் கேபிள் தொல்லையே இல்லாமல் போனது. கேசட் போய் மெமரி கார்டு வந்தது. 2008-ல் கேனான் 5டி மார்க் 2 வந்தபின் ஃபோட்டோ கேமராவிலேயே கல்யாண வீடியோ எடுக்கிற வழக்கமும் எங்கள் பக்கம் மெல்லப் பரவியது. கார்டை எடு, லேப்டாப்பில் போடு, காப்பி செய், அவ்வளவுதான். புது லேப்டாப்புகளில் ஃபயர்வயர் துளையையே எடுத்துவிட்டார்கள். கேமராவை லேப்டாப்போடு இணைத்து வீடியோ எடுப்பது பழங்கதை என்று நானே என் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, வைகாசி முகூர்த்தங்கள் போயின. கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று உத்தரவு. மண்டபத்துக்கு வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும், “லைவ் போடுவீங்களா?” என்று கேட்டு வந்தார்கள். பதினாலு வருஷத்துக்குப் பிறகு கேமராவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் மறுபடி ஒரு கேபிள்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஏப்ரலில் கேனான் தன் கேமராக்களை வெப்கேம் ஆக்குகிற மென்பொருளை வெளியிட்டது. ஃபூஜியும் அடுத்தடுத்து நிக்கானும் சோனியும் வெளியிட்டன. யூஎஸ்பி வயரை மாட்டினால் போதும், படம் வந்துவிடும். ஜூம் கூட்டத்துக்கு அது போதும். கல்யாணத்துக்குப் போதாது, படம் சின்னதாக வரும், சத்தம் அதன் வழியே வராது. எச்டிஎம்ஐ வழியாக எடுத்து, நடுவில் ஒரு கேப்சர் கார்டு போட்டால்தான் முழு எச்டி. பெயர் பெற்ற கார்டு எதுவும் அப்போது கையில் கிடைக்கவில்லை. ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு பென் டிரைவ் மாதிரி சாமான் ஆன்லைனில் கிடைத்தது. நாக்கு நீலமாக இருந்தது. யூஎஸ்பி 3 என்று அட்டையில் போட்டிருந்தது.

மாட்டியதும் படம் வந்தது. ஆனால் மணப்பெண் நடந்தால் பொம்மலாட்டம் மாதிரி வெட்டி வெட்டி நகர்ந்தாள். லேப்டாப்பைக் குறை சொன்னேன். இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது: நாக்குதான் நீலம், உள்ளே இருப்பது யூஎஸ்பி 2. முழு எச்டி படத்தைச் சுருக்காமல் அனுப்பினால், விநாடிக்கு 25 ஃப்ரேமுக்கு நூறு மெகாபைட்டைத் தாண்டும். யூஎஸ்பி 2-ன் பாதையில் நடைமுறையில் நாற்பது போனால் அதிகம். மீதியைக் கொட்டிவிட்டுத்தான் அது போகும். லைவ் அனுப்ப நான் வைத்திருந்த ஓபிஎஸ் மென்பொருளில் அந்தக் கார்டின் செட்டிங்கைத் திறந்தால் வீடியோ ஃபார்மட் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒய்யூஒய்2 என்று இருந்ததை எம்ஜேபெக் என்று மாற்றினேன். படம் சுருங்கி வந்தது, அசைவு தண்ணீர் மாதிரி ஓடியது. இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வருஷம் எத்தனையோ பேர் நல்ல லேப்டாப்பைப் போட்டுவிட்டுப் புது லேப்டாப் வாங்கினார்கள். இன்றைக்கும் இளம்பிள்ளைகள் “அண்ணே, என்ன லேப்டாப் வாங்கலாம்?” என்று கேட்டால், கையில் இருப்பதைக் கொண்டுவா, முதலில் கேபிளையும் கார்டையும் பார்ப்போம் என்கிறேன்.

அடுத்து, என் பழைய டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் கட்டமும் பேட்டரிப் படமும் எச்டிஎம்ஐயிலும் சேர்ந்தே வந்தன. மணமக்கள் நெற்றியில் வெள்ளைக் கட்டத்தோடு ஒளிபரப்ப முடியாது. சோனி ஏ6400-ல் மெனுவில் எச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்ப்ளே என்பதை ஆஃப் செய்தால் சுத்தமான படம் வரும். அதை வாடகைக்கு எடுத்தேன். பேட்டரி அறைக்குள் கரண்ட் வயர் போகிற டம்மி பேட்டரி ஒன்றும் வாங்கினேன். தானாக அணைகிற செட்டிங்கை நிறுத்தினேன். ஷட்டரை ஐம்பதில் ஒன்றாக வைத்தேன். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அறுபதில் வைத்தால் ட்யூப்லைட் துடிக்கும். யூடியூப்பில் முதல் தடவை லைவ் திறக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரியாமல் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி திறக்கப் போய்த் தவித்த நண்பர்கள் உண்டு. நல்லவேளையாக நான் அதை ஒரு வாரம் முன்னாலேயே செய்துவிட்டேன்.

அந்த ஆவணியில் எடுத்த கல்யாணம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்ணின் தாத்தா தவில் வித்வான். எண்பதைத் தொட்டவர். மண்டபத்திலிருந்து இரண்டே தெரு தள்ளித்தான் அவர் வீடு. தெருவில் ஒருவருக்குத் தொற்று வந்து இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிட்டார்கள். பேத்தி கல்யாணத்துக்கு அவருடைய சிஷ்யர் வாசிக்கிறார். வாசல் தாண்டினால் சத்தமே காதில் விழும் தூரம். அவர் வர முடியாது. பேரன் தன் செல்போனை அவர் கையில் கொடுத்து லிங்கைத் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தான். மஸ்கட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பார்த்தவர்களைவிட எனக்கு அந்த இரண்டு தெரு தூரம்தான் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஊஞ்சல் நடந்துகொண்டிருக்கும்போது பேரன் ஓடிவந்தான். “அண்ணே, தாத்தா லைன்ல இருக்காரு, உங்ககிட்டதான் பேசணுமாம்.”

போனை வாங்கினேன். “தம்பி, படம் நல்லா வருது. ஆனா கை ஒரு பக்கம் விழுது, சத்தம் ஒரு பக்கம் வருது.”

“புரியலைங்களே ஐயா.”

“கழி தோல்ல விழறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துடுது தம்பி. வாசிக்கிறவனைப் பாத்தா தப்பா வாசிக்கிற மாதிரி இருக்கு. அவன் தப்பா வாசிக்கல.”

லேப்டாப்பில் பார்த்தேன். எனக்குச் சட்டென்று தெரியவில்லை. புரோகிதர் வாயைப் பார்த்தாலும் தெரியவில்லை. சிஷ்யரின் இடது கையை மட்டும் பார்த்தபோது தெரிந்தது. மண்டபத்து மிக்ஸரிலிருந்து சத்தம் நேராக லேப்டாப்புக்கு வந்துவிடுகிறது. படம் கேமராவுக்குள் சுற்றி, எச்டிஎம்ஐ வழியாகக் கார்டுக்குப் போய்ச் சுருங்கி, பிரிந்து, தாமதமாக வந்து சேர்கிறது. பேச்சென்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தவிலில் ஒளிய இடமில்லை.

என் உதவியாளனைக் கேமராவுக்கு முன்னால், மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரே ஒரு தடவை ஓங்கிக் கைதட்டச் சொன்னேன். ஊஞ்சல் பாட்டுக்கு நடுவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லேப்டாப்பில் பதிவான அந்த ஒரு விநாடியை இன்னொரு பையன் லேப்டாப்பில் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினோம். சத்தத்தின் முள் எழுந்த இடத்திலிருந்து இரண்டு உள்ளங்கையும் ஒட்டும் இடம் வரை ஐந்து ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு 40 மில்லி விநாடி, ஐந்துக்கு 200. ஓபிஎஸ்-ல் அந்த ஆடியோவுக்கு சிங்க் ஆஃப்செட் என்ற கட்டத்தில் 200 போட்டேன். சத்தத்தை அவ்வளவு நேரம் காக்க வைக்கும். நாம் அனுப்புவது பார்ப்பவர்களுக்குப் போய்ச் சேரப் பத்து இருபது விநாடி பிடிக்கும். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவர் ஒன்றும் பேசவில்லை. லேசாக மூச்சு மட்டும் கேட்டது.

“இன்னும் துளி” என்றார்.

240 போட்டேன். மறுபடி காத்திருந்தேன்.

“ம். இப்ப உக்காந்துடுச்சு.”

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ இருந்திருக்கிறது. எங்கள் கண்ணும் மென்பொருளும் ஐந்து என்றன. அவர் ஆறு என்றார். பிறகு சாவகாசமாகச் சோதித்துப் பார்த்தேன், ஆறுக்குத்தான் நெருக்கமாக இருந்தது.

அந்தக் கல்யாணத்தை மூன்று இடத்தில் பதிவு செய்தோம்: கேமராவின் கார்டில், லேப்டாப்பில், யூடியூப்பில். லேப்டாப்பில் எம்கேவி ஃபைலாகத்தான் எழுதுவேன். கரண்ட் போய் லேப்டாப் அணைந்தாலும் அதுவரை எழுதியது மிஞ்சும். சாதாரண எம்பி4 என்றால் மொத்தமும் திறக்காமல் போய்விடும். வரவேற்பில் போட்ட சினிமாப் பாட்டுக்குக் காப்புரிமை கேட்டு, யூடியூப்பில் இருந்ததை இரண்டே நாளில் முடக்கிவிட்டார்கள். கார்டில் இருந்ததில் படம் நன்றாக இருந்தது. சத்தம் கேமரா மைக்கில் பதிவானது என்பதால் பாத்திரச் சத்தமும் ஃபேன் சத்தமும் கூடவே இருந்தன. மிக்ஸர் சத்தத்தோடு, கையும் ஒலியும் ஒன்றாக விழுகிற பதிவு லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது.

தகரத்தை எடுத்தபின், ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அவர் பேரனோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். செல்போனில் பார்த்தது சின்னதாக இருந்ததாம், பெரிதாகப் பார்க்க வேண்டுமாம். லேப்டாப்பைப் பெரிய மானிட்டரில் மாட்டி, ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து, கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஓட்டினேன். அவர் மணமக்களைப் பார்க்கவில்லை; படத்தின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிஷ்யரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள், தவில் கூடு மாட்டியிருப்பது போல விறைத்து, வேட்டி மேல் முழங்காலில் தாளம் போட்டன. தாலி ஏறி முடிந்து அட்சதை விழுந்தது.

“மறுபடி போடுங்க தம்பி” என்றார்.

போட்டேன். மூன்றாவது தடவை அவர் சொல்லாமலே போட்டேன்.